கழனித் தொட்டி வரை போன சட்டம்

எங்கள் தெருவுக்கு வந்த பால்காரர் மாட்டை வாசலுக்கே ஓட்டி வருவார். பாட்டி முதலில் சொல்வது, "சொம்பைக் கவிழ்த்துக் காட்டுப்பா" என்பதுதான். அடியில் தண்ணீர் இல்லை என்று பார்த்த பிறகே கறக்க விடுவார். கன்று செத்துப்போன மாடாக இருந்தால், தோலுக்குள் வைக்கோல் திணித்த கன்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு வருவார் பால்காரர். மாடு அதை நக்கிக்கொண்டே பால் விடும். கண் எதிரே கறந்த பால், கவிழ்த்துக் காட்டிய சொம்பு, அப்புறம் இரண்டு தடவை பொங்க விட்டு இறக்கிய அடுப்பு. இந்த மூன்றும் சரியாக இருந்தால் அது நல்ல பால்.

அந்த மாடு முந்தின நாள் என்ன தின்றது என்று பாட்டி ஒருநாளும் கேட்டதில்லை. நானும் பல வருடங்கள் கழித்துத்தான் அதை யோசித்தேன்.

ஒரு நகரம் தன் பாலை ஒழுங்குபடுத்த முயலும்போதும் பாட்டியைப் போலத்தான் தொடங்குகிறது. முதலில் பாத்திரத்தைப் பார்க்கிறது. பிறகு விற்கிறவரைப் பிடிக்கிறது. கொட்டகைக்குள் நுழைவதும் மாட்டின் உடம்பையும் தீனியையும் கேள்வி கேட்பதும் வெகு நாள் கழித்துத்தான். நியூயார்க் நகரம் இந்த வழியை நடந்து முடிக்க எழுபது ஆண்டுக்கு மேல் ஆனது. அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாம் இன்னும் நடுவழியில்தான் நிற்கிறோம்.

சாராய ஆலைக்குப் பக்கத்துக் கொட்டகை

19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் நியூயார்க் வீங்கிக்கொண்டே போனது. தாய்மார்கள் வேலைக்குப் போனார்கள், குழந்தைகளுக்குப் பசும்பால் தேவைப்பட்டது. குளிர்சாதனம் கிடையாது. கோடைக் காலத்தில் கறந்த பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். அதனால் மாடு ஊருக்குள்ளேயே இருந்தாக வேண்டும். ஊருக்குள் புல்லுக்கு எங்கே போவது?

அதற்கு விடை சாராய ஆலையில் கிடைத்தது. தானியத்தை ஊறவைத்துப் புளிக்கவைத்து வடித்த பிறகு மிஞ்சும் சூடான கூழ்க் கழிவைக் கொட்டுவதற்கு ஆலைக்காரருக்கு இடம் வேண்டும். அதை ஏறக்குறைய சும்மாவே வாங்கிக்கொள்ள மாட்டுக்காரர் தயார். ஆலையை ஒட்டியே நீளமான மரக் கொட்டகைகள் எழுந்தன. மேன்ஹாட்டனின் மேற்குக் கரையில் 16ஆம் தெருவை ஒட்டி இருந்த கொட்டகைகளும், ஆற்றுக்கு அப்பால் புரூக்ளினில் இருந்தவையும் பெயர் கெட்டவை. ஆலையிலிருந்து மரவாய்க்கால் வழியாகக் கழிவு ஆவி பறக்க ஓடி வந்து நேராக மாட்டின் முன்னால் இருக்கும் தொட்டியில் விழும். உட்கார்ந்து எழ மட்டும் இடம் விட்டு மாடுகளை நெருக்கிக் கட்டியிருப்பார்கள். ஒருமுறை கட்டினால் அவிழ்ப்பதில்லை. பால் வற்றும் வரை, அல்லது சாகும் வரை அதே இடம்தான்.

இங்கே ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். ஆலைக் கழிவு என்பதாலேயே அது விஷம் ஆகிவிடாது. பீர் ஆலையில் மிஞ்சும் தானியச் சக்கையை இன்றும் உலகம் முழுக்க மாட்டுக்குப் போடுகிறார்கள், நம் ஊரிலும்தான். வைக்கோலோடும் பசுந்தீவனத்தோடும் அளவாக, புதிதாகப் போட்டால் அது நல்ல தீனி. நியூயார்க்கில் நடந்தது வேறு. வைக்கோல் ஒரு வாய் கிடையாது, நடை கிடையாது, மூன்று வேளையும் சூடான புளித்த கூழ். பல் கெட்டது, உடம்பில் புண் வந்தது. அந்தக் கொட்டகைகளில் மாடுகளுக்கு நுரையீரல் நோய் ஓயாமல் பரவியது. அதைத் தடுக்க நோய்ப்பட்ட மாட்டின் நுரையீரல் சீழை எடுத்து மற்ற மாடுகளின் வாலில் கீறி ஏற்றினார்கள், அம்மை குத்துவது போல. வால் அழுகி விழுந்தது. மொட்டை வாலோடு நின்ற அந்த மாடுகளின் படங்கள் பின்னால் நாட்டையே உலுக்கின.

பால் எப்படி இருந்தது? நீலம் பாய்ந்து நீர்த்துப்போய் இருந்தது. வெண்மைக்குச் சுண்ணத்தூள், கெட்டிக்கு மாவு, நிறத்துக்கு வெல்லப்பாகு என்று எதையாவது கலந்து தேற்றினார்கள். வண்டியின் பக்கவாட்டில் "தூய நாட்டுப்புறப் பால்" என்றும் "ஆரஞ்சு கவுன்டி பால்" என்றும் எழுதியிருந்தார்கள். ஆரஞ்சு கவுன்டி உண்மையிலேயே புல்வெளிகள் உள்ள மாவட்டம். 1840களின் தொடக்கத்தில் ரயில் வந்த பிறகு அங்கிருந்து நல்ல பால் நகரத்துக்கு வரத் தொடங்கியிருந்தது. அந்த நல்ல பேரைத்தான் இந்த வண்டிகள் திருடிக்கொண்டன. நல்ல பாலை நேர்மையாக அனுப்பிய விவசாயிக்கும் இதில் நஷ்டம் என்பதை மறந்துவிடக் கூடாது. கலப்படப் பால் மலிவாகக் கிடைக்கும் ஊரில் கலக்காதவனுக்கு வியாபாரம் ஆகாது.

ராபர்ட் ஹார்ட்லி என்ற சீர்திருத்தக்காரர் 1842இலேயே இதையெல்லாம் விரிவாக எழுதிவிட்டார். அவர் மதுவிலக்கு இயக்கத்துக்காரர். சாராய ஆலையின் மேல் இருந்த கோபம்தான் அவரை மாட்டுக் கொட்டகைக்கு இழுத்து வந்தது. எழுதியதும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1858 மே மாதம் ஃபிராங்க் லெஸ்லி நடத்திய படப் பத்திரிகை ஓவியர்களைக் கொட்டகைக்கு அனுப்பி, பார்த்ததை அப்படியே வரையச் சொன்னது. எந்தக் கொட்டகையிலிருந்து கிளம்பும் வண்டி எந்தத் தெருவில் பால் ஊற்றுகிறது என்றுகூட அச்சிட்டது. இந்தப் பாலால் ஆண்டுக்கு 8,000 குழந்தைகள் சாகிறார்கள் என்று அந்தக் காலப் பத்திரிகைகள் எழுதின. அது பத்திரிகைக் கணக்குதான். கோடை வயிற்றுப்போக்கில் செத்த குழந்தைகளில் பாலால் செத்தவர் எத்தனை, சாக்கடை கலந்த தண்ணீரால் செத்தவர் எத்தனை என்று பிரித்துச் சொல்ல அப்போது யாராலும் முடிந்திருக்காது. ஆனால் நகரத்தில் குழந்தைகள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

விசாரிக்க நகராட்சி ஒரு குழு போட்டது. அதில் முன்னால் நின்ற மைக்கேல் டூமி என்ற நகரமன்ற உறுப்பினர் கொட்டகைக்காரர்கள் பக்கமே பேசினார், சாட்சி சொல்ல வந்த மருத்துவர்களைக் குறுக்குக் கேள்வி கேட்டு மடக்கினார். கடைசியில் குழு சொன்ன பரிந்துரை: கொட்டகைகளுக்குக் காற்றோட்டம் வையுங்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். வாய்க்காலில் ஓடிய கூழைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒரு நோயை நேருக்கு நேர் பார்த்துவிட்டுச் சுவரைப் பற்றிப் பேசிய அந்த அறிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

இரண்டே வாக்கியங்கள்

1862இல் நியூயார்க் மாநிலம் சட்டம் இயற்றியது. கெட்ட பாலை விற்கக் கூடாது, மாட்டை நெருக்கிக் கட்டக் கூடாது, கெட்ட பால் தரும் தீனியைப் போடக் கூடாது என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் "கெட்ட பால்" எது என்பதை நீதிமன்றத்தில் யார் நிரூபிப்பது? குழந்தை செத்தது இந்தப் பாலால்தான் என்று எந்த மருத்துவர் சத்தியம் செய்வார்? கொட்டகைக்காரரின் வக்கீலுக்கு இந்த ஓட்டை போதும்.

1864இல் திருத்தம் வந்தது. நான் மிகவும் மதிப்பது இதைத்தான். ஆலைக் கழிவையோ, அழுகிய, புளித்த எதையோ தின்ற மாட்டின் பால் அசுத்தமான பால் என்று இதனால் அறிவிக்கப்படுகிறது என்றது ஒரு வாக்கியம். பாலில் தண்ணீரையோ வேறு எதையோ சேர்ப்பது கலப்படம் என்று இதனால் அறிவிக்கப்படுகிறது என்றது இன்னொன்று. வண்டியில் வரும்போது கெடாமல் இருக்கப் போடும் பனிக்கட்டிக்கு மட்டும் விலக்கு.

இந்த இரண்டு வாக்கியங்களுக்குப் பிறகு யாரும் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. பாலைக் குடித்தவருக்கு என்ன ஆயிற்று என்பதை நிரூபிக்க வேண்டியதில்லை. தொட்டியில் என்ன இருந்தது என்று காட்டினால் போதும். சட்டம் இப்போது சொம்பை விட்டுவிட்டுக் கழனித் தொட்டியைப் பார்த்தது.

எழுதினால் மட்டும் சட்டம் நடக்காது, நடத்த ஆள் வேண்டும். 1866இல் காலரா வருகிறது என்ற பயத்தில் பெருநகரச் சுகாதார வாரியம் அமைந்தது. மருத்துவர்கள் உட்கார்ந்த, ஆய்வாளர்களை அனுப்பும் அதிகாரமுள்ள வாரியம் அது. அதன் பிறகு வந்த நகரச் சுகாதார வாரியத்துக்கு 1873 முதல் தலைவராக இருந்தவர் சார்லஸ் சாண்ட்லர், கொலம்பியாவில் வேதியியல் பேராசிரியர். அவர் ஆய்வாளர்களின் கையில் லாக்டோமீட்டரைக் கொடுத்தார்.

நம் சொசைட்டிகளில் பால் ஊற்றியவர்கள் எல்லோருக்கும் அந்தக் கண்ணாடிக் குச்சியைத் தெரியும். பாலில் மிதக்க விட்டால் கழுத்தில் உள்ள கோடு எவ்வளவு டிகிரி என்று காட்டும். தண்ணீரைவிடப் பால் கொஞ்சம் கனமானது. நல்ல பாலில் 28இலிருந்து 32க்குள் நிற்கும். தண்ணீர் ஊற்றினால் குச்சி அமிழ்ந்து டிகிரி இறங்கிவிடும். ஆனால் பாலின் ஏடு பாலைவிட லேசானது. ஏட்டை எடுத்துவிட்டால் மிஞ்சும் பால் கனத்து, குச்சி மேலே வரும். அதில் அளவு பார்த்துத் தண்ணீர் ஊற்றினால் பழைய டிகிரிக்கே வந்து நிற்கும். ஏடும் போனது, தண்ணீரும் சேர்ந்தது, குச்சி மட்டும் "நல்ல பால்" என்கிறது. சாண்ட்லர் காலத்து வக்கீல்கள் இதைக் கிளப்பினார்கள், கருவி பொய் சொல்கிறது என்று வாதாடினார்கள். கருவி பொய் சொல்லவில்லை. கனத்தைக் கேட்டால் கனத்தைச் சொல்லும், வேறு எதையும் அதனிடம் கேட்க முடியாது. இன்று கொழுப்பையும் மற்றத் திடப்பொருளையும் தனித்தனியாக அளப்பது இதனால்தான். நீல பாக்கெட்டில் 3 சதவீதக் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6 என்று ஆவின் தரம் பிரிப்பதும் அந்த அளவையை வைத்துத்தான்.

பார்த்தால் தெரியாத நோய்

1882இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டார். 1890இல் அந்தக் கிருமியிலிருந்து டியூபர்குலின் என்ற மருந்தைத் தயாரித்து, நோய் குணமாகும் என்று நம்பினார். குணமாகவில்லை. ஆனால் அதை ஊசி போட்டால் நோயுள்ள உடம்பில் காய்ச்சல் ஏறுவதும், நோயில்லாத உடம்பு சும்மா இருப்பதும் தெரிந்தது. மருந்தாகத் தோற்றது சோதனையாக ஜெயித்தது. அந்த ஊசியை மாட்டுக்குப் போட்டபோது, கொழுகொழுவென்று நின்று குடம் குடமாகக் கறந்துகொண்டிருந்த மாடுகள் பலவற்றில் காய்ச்சல் ஏறியது.

அதுவரை நல்ல மாடு என்றால் பார்த்தாலே தெரியும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். இப்போது மாட்டுக்காரருக்கே தன் மாட்டைத் தெரியாது என்றாகிவிட்டது. அவர் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. நேற்று வரை 15 லிட்டர் கறந்த மாட்டை, வெளியூரிலிருந்து வந்த ஒருவர் ஊசி போட்டுப் பார்த்துவிட்டு வெட்டச் சொன்னால் யாருக்குத்தான் மனம் ஒப்பும்?

குழப்பத்தைக் கோக்கே கூட்டினார். மாட்டுக் காசநோய் மனிதருக்குப் பெரிதாகத் தொற்றாது என்று 1901 லண்டன் மாநாட்டில் அறிவித்தார். அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித் மாட்டுக் கிருமி வேறு, மனிதக் கிருமி வேறு என்று காட்டியிருந்தார், அதைத் தன் முடிவுக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார் கோக். இரண்டும் வேறு வகை என்பது சரி. அது மனிதருக்குத் தொற்றாது என்பதுதான் தவறு. கழுத்தில் நெறி கட்டும் காசநோயும் வயிற்றுக் காசநோயும் வந்த குழந்தைகள் பலருடைய உடம்பில் இருந்தது மாட்டுக் கிருமிதான். பிரிட்டன் ஒரு ராயல் கமிஷன் வைத்து 1911 வரை ஆராய்ந்து அதை உறுதி செய்தது. அந்தப் பத்து வருடமும் சோதனையை எதிர்த்தவர்கள் கோக்கின் பெயரைச் சொல்லியே எதிர்த்தார்கள்.

இதற்கிடையே நகராட்சிகள் உரிமத்தைக் கையில் எடுத்தன. சுகாதார வாரியத்தின் அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் பால் விற்கக் கூடாது என்றது நியூயார்க். செயின்ட் லூயிஸ் நகரம், நகரமன்றம் அனுமதிக்காமல் ஊருக்குள் மாட்டுக் கொட்டகையே கூடாது என்றது. இரண்டும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயின. தன் தொழிலைத் தான் செய்ய இன்னொருவரின் தயவு எதற்கு, ஓர் அதிகாரி மனம்போனபடி ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுத்தால் என்ன செய்வது என்பது பால்காரர்களின் வாதம். 1904இல் செயின்ட் லூயிஸ் வழக்கிலும், 1905இல் நியூயார்க் வழக்கிலும் நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. பால் போன்ற ஒரு பொருளில் மக்கள் நலனுக்காக இப்படி ஓர் அதிகாரம் தேவை, அதைப் பாரபட்சமாகப் பயன்படுத்தினால் அப்போது வந்து முறையிடலாம் என்றது.

1913இல் வந்த மில்வாக்கி வழக்குதான் இவற்றில் கூர்மையானது. வெளியூர்ப் பால் மில்வாக்கிக்குள் வர வேண்டுமானால், அந்த மாடுகளுக்கு டியூபர்குலின் சோதனை செய்து காசநோய் இல்லை என்ற கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும், பால் கேனில் உரியவரின் அடையாளம் வேண்டும், இல்லாவிட்டால் பாலைப் பறித்துக் கொட்டிவிடலாம் என்றது நகர விதி. ஊருக்குள் இருக்கும் மாட்டுக்கு இந்தச் சான்று கேட்கவில்லையே, இது என்ன நியாயம் என்று வெளியூர்க்காரர் கேட்டார். நல்ல கேள்விதான். ஊருக்குள் இருக்கும் கொட்டகைக்கு ஆய்வாளர் நேரிலேயே போய்ப் பார்க்க முடியும், எங்கோ இருக்கும் பண்ணைக்குள் அவர் நுழைய முடியாது, அதனால் அங்கிருந்து சான்றுதான் வர வேண்டும் என்றது நீதிமன்றம். பாலை அங்கேயே கொட்டுவதையும் ஏற்றுக்கொண்டது. வழக்கு முடியும் வரை பத்திரப்படுத்தி வைக்கக்கூடிய பொருளா பால்?

நகர எல்லைக்கு உள்ளேதான் நகராட்சிக்கு அதிகாரம். ஆனால் எல்லைக்கு வெளியே உள்ள மாட்டையும் அது தொட்டுவிட்டது, கேனின் வழியாக. என் ஊருக்குள் நுழைய வேண்டுமா, உன் மாட்டைச் சோதித்துக்கொண்டு வா. பிற்காலத்தில் உணவுப் பாதுகாப்பில் நாம் பார்க்கும் பல விதிகளுக்கு இந்த உத்திதான் அடிப்படை.

சரி, சோதிப்பதா, சூடாக்குவதா? இதில் இரண்டு கட்சி இருந்தது. 1893இல் நியூவார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஹென்றி காய்ட், பண்ணையையே கறாராகக் கண்காணித்துச் சான்று கொடுத்த பச்சைப் பாலை முன்வைத்தார். அது வசதியுள்ளவர்கள் வாங்கும் விலையில்தான் இருந்தது. அதே 1893இல் மேசிஸ் கடையின் உரிமையாளர்களில் ஒருவரான நேத்தன் ஸ்ட்ராஸ், ஏழைகள் வாழ்ந்த பகுதியில் பாஸ்டர் முறையில், அதாவது கொதிக்க விடாமல் கிருமி சாகும் அளவுக்குச் சூடாக்கிய பாலைப் பாட்டிலில் அடைத்து மலிவாகக் கொடுக்க நிலையம் திறந்தார். கிடைத்த பால் எப்படி இருந்தாலும் சூடாக்கிக் கொடுத்தால் குழந்தை பிழைக்கும் என்பது அவர் கட்சி. ராண்டால்ஸ் தீவில் இருந்த நகர அநாதைக் குழந்தைகள் மருத்துவமனைக்கு அவர் சூடாக்கும் கருவி வாங்கிக் கொடுத்த பிறகு அங்கே சாவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. சத்து போய்விடும், ருசி கெட்டுவிடும், அழுக்குப் பாலை விற்க இது சாக்கு ஆகிவிடும் என்று எதிர்த்தவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள். அந்தக் கடைசிக் காரணத்தை நான் தள்ளிவிட மாட்டேன், அது இன்றும் உயிரோடு இருக்கிறது.

சிகாகோ 1908இல், சோதனை செய்யாத மாட்டின் பால் என்றால் சூடாக்கியே ஆக வேண்டும் என்றது. மாட்டுக்காரர்கள் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார்கள். 1911இல் இல்லினாய் மாநிலம், எந்த நகரமும் டியூபர்குலின் சோதனையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. நியூயார்க் 1912இல் பாலை ஏ, பி, சி என்று தரம் பிரித்து, 1914 வாக்கில் அநேகமாக எல்லாப் பாலையும் சூடாக்க வைத்துவிட்டது. சூடாக்கும் ஆலை வைக்கப் பணமுள்ள பெரிய நிறுவனங்கள் வளர்ந்தன. நாலு மாடு வைத்திருந்த ஐரிஷ், ஜெர்மன் குடும்பங்கள் தொழிலை விட்டுப் போயின. குழந்தைகள் பிழைத்தார்கள் என்பதற்காக அந்தக் குடும்பங்கள் கொடுத்த விலையைச் சொல்லாமல் போவது சரியில்லை.

மாட்டின் நோயை ஒழித்தது கடைசியில் பணம்தான். 1917இல் மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து சோதனைத் திட்டம் தொடங்கின. நோயுள்ள மாட்டை வெட்டினால் உரியவருக்கு இழப்பீடு உண்டு. அப்படியும் 1931இல் அயோவாவில் விவசாயிகள் கூட்டமாகத் திரண்டு கால்நடை மருத்துவர்களைத் தடுக்க, ஆளுநர் துருப்புகளை அனுப்ப வேண்டியதாயிற்று. விடாமல் செய்தார்கள். 1940 வாக்கில் நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் மாட்டுக் காசநோய் அரை சதவீதத்துக்குக் கீழே இறங்கியது.

நம் தொட்டி

இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் நோயுள்ள பசுவை வெட்டும் வழி கிடையாது. அதைப் பற்றிச் சண்டை போடுவதில் எனக்கு விருப்பமும் இல்லை. நம்மைக் காசநோய்க் கிருமியிலிருந்து இவ்வளவு காலம் காப்பாற்றியது அடுப்புதான். பாலைப் பொங்க விட்டு இறக்கும் பழக்கம் இல்லாதிருந்தால் நிலைமை வேறு மாதிரி இருந்திருக்கும். இந்த விஷயத்தில் பாட்டி சொன்னது முழுக்கச் சரி.

சென்னையில் இப்போது பால்மாட்டைப் பற்றி இரண்டு சட்டப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று தெருவைப் பார்க்கிறது. நகர்ப்புறங்களில் விலங்குகளையும் பறவைகளையும் வளர்ப்பதைக் கட்டுப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 1997இல் வந்தது. 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளியிலிருந்து வந்த சிறுமியை மாடு முட்டிய காட்சியைப் பார்த்து ஊரே பதறியது. அந்த ஆண்டில் தெருவில் பிடிபடும் மாட்டுக்கு முதல் முறை 5,000 ரூபாய், மறுமுறை 10,000 ரூபாய் என்று அபராதம் ஏறியது. இன்னொரு புத்தகம் பாலைப் பார்க்கிறது. அது 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஒரு நாளைக்கு 500 லிட்டர் வரை பால் கையாளுகிறவர் பதிவு செய்துகொண்டால் போதும், அதற்கு மேல் போனால் உரிமம் வேண்டும்.

இந்த இரண்டாவது சட்டத்தின் 3ஆம் பிரிவில் "உணவு" என்றால் என்ன என்ற விளக்கம் இருக்கிறது. கால்நடைத் தீவனம் அதில் அடங்காது என்று அங்கே தெளிவாக எழுதியிருக்கிறது. 18ஆம் பிரிவு இன்னும் கொஞ்சம் போய், விவசாயிக்கும் கால்நடைக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. நல்ல எண்ணத்தில்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள், இரண்டு மாடு வைத்திருப்பவரை ஆய்வாளர் வந்து மிரட்டக் கூடாது என்று. ஆனால் 1864இல் நியூயார்க் எட்டிப் பார்த்த அந்தத் தொட்டி, நம் சட்டத்தின் கைக்கு எட்டாமல் வெளியே நிற்கிறது.

இதனால் என்ன ஆகிறது என்று 2018இல் தெரிந்தது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க 1,103 ஊர்களில் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அதற்கு முன்னால் 2011இல் நடந்த கணக்கெடுப்பில் 1,791 மாதிரிகளில் 68.4 சதவீதம் தரத்துக்குள் வரவில்லை என்று செய்தி வந்து, யூரியா, சோப்புத்தூள் என்று வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்தது. அப்போதும் அதிகம் அகப்பட்டது தண்ணீர்தான். 2018இல் உடம்புக்குத் தீங்கான கலப்படம் இருந்தது 12 மாதிரிகளில் மட்டும். ஆனால் 368 மாதிரிகளில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நஞ்சு அனுமதித்த அளவுக்கு மேல் இருந்தது. தமிழ்நாடு அந்தப் பட்டியலில் முன்னால் நின்றது. இங்கே எடுத்த 551 மாதிரிகளில் 88. பதப்படுத்தாத பச்சைப் பாலைவிட பாக்கெட் பாலில் அதிகம்.

இது யாரும் பாலில் கலந்தது இல்லை. பால்காரர் கலக்கவில்லை, சொசைட்டி கலக்கவில்லை. ஈரம் பட்ட கடலைப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் ஆகியவற்றில் ஒரு வகைப் பூஞ்சை பிடிக்கும். அது அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை விடும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் திடீரென்று செத்து விழுந்து, அவை தின்ற பிரேசில் நாட்டுக் கடலைப் புண்ணாக்கைச் சோதித்தபோதுதான் உலகத்துக்கு இந்த நஞ்சு தெரிய வந்தது. மாடு அவ்வளவு சீக்கிரம் சாகாது. அதன் ஈரல் அந்த நஞ்சைக் கொஞ்சம் மாற்றி, ஒரு பங்கைப் பாலில் இறக்கிவிடும். காலையில் தின்றது மறுநாள் கறவையில் வந்துவிடும். நீண்ட காலம் உடம்பில் சேர்ந்தால் ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் வழி செய்யும். பால் அதிகம் குடிப்பது குழந்தைகள் என்பதுதான் இதில் மனதை அறுப்பது.

இதில் பாட்டியின் மூன்று சோதனையும் பலிக்காது. சொம்பைக் கவிழ்த்தால் தெரியாது. கண் எதிரே கறந்தாலும் தெரியாது. காய்ச்சினால் போகாது. பாஸ்டர் முறையில் சூடாக்கினாலும் போகாது. லாக்டோமீட்டர் டிகிரியும் கொழுப்பு அளவும் கச்சிதமாக இருக்கும்.

ஆனாலும் மாட்டுக் காசநோயை நினைத்தால் இது எவ்வளவோ இலகுவான நோய். மாட்டை வெட்ட வேண்டியதில்லை, விற்க வேண்டியதில்லை. கெட்ட தீனியை நிறுத்தி நல்ல தீனி போட்டால் மூன்று நான்கு நாளில் பால் தெளிந்துவிடும். புண்ணாக்கை உலர்ந்த இடத்தில், தரையில் படாமல் அடுக்கி வைத்தால் பாதி வேலை முடிந்தது. தீவன ஆலையிலிருந்து வெளியே வரும் மூட்டையைச் சோதித்து அனுப்பும் பொறுப்பை ஆலைக்காரரிடம் வைக்கலாம். சொசைட்டியில் பால் ஊற்றும் இடத்திலேயே சோதனைப் பட்டையை வைத்துப் பார்த்து, நஞ்சு காட்டினால் அந்த மூட்டைக்குப் பதில் நல்ல மூட்டை கொடுக்கலாம். பாலைத் திருப்பி அனுப்புவதோடு நிறுத்திக்கொண்டால் மாட்டுக்காரர் அதை வேறு யாருக்காவது ஊற்றத்தான் செய்வார். இழப்பீடு தொடங்கிய பிறகுதான் அமெரிக்க மாட்டுக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தார்கள்.

போன ஐப்பசி மழையில் நகர ஓரத்தில் ஒரு கொட்டகைக்குப் போயிருந்தேன். ஏழு மாடு, எட்டடிச் சந்து. புண்ணாக்கு மூட்டைகள் சுவரோரம் மண்தரையில் சாத்தியிருந்தன, அடிப்பக்கம் கறுத்திருந்தது. மாட்டுக்காரர் ஒரு கட்டியை உடைத்து மோந்து பார்த்துவிட்டு, "வெயில் வந்தா காயப் போட்டுடுவேங்க" என்றார். எங்கே காயப் போடுவார் என்று சுற்றிப் பார்த்தேன், இடம் இல்லை. மாடு தெருவுக்குப் போனதற்குக் கட்டிய அபராத ரசீதுகள் இரண்டை சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். இந்த மூட்டையை யாராவது வந்து சோதித்திருக்கிறார்களா என்று கேட்டேன்.

"மூட்டையையா?" என்றார்.